மூன்றாம் அட்டவணை

கடைசல்காரருக்கு வலது காதில் ஓயாத இரைச்சல். முப்பத்தெட்டு வருஷம் லேத் முன்னால் நின்று இரும்பைக் கடைந்ததற்கு உடம்பு கொடுத்த போனஸ் என்று அவரே சொல்லிக்கொள்வார். பட்டறையில் நிற்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் போதும், மண்டைக்குள் யாரோ ஒரு சின்ன மோட்டாரைப் போட்டுவிட்ட மாதிரி ஆரம்பித்துவிடும். காது டாக்டர் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "இதோட பழகிக்குங்க" என்றார். கடைசல்காரரும் நாலு வருஷமாகப் பழகித்தான் பார்த்தார். அது பழகிக்கொள்ளவில்லை.

அவருடைய தங்கைக்கு வீட்டில் கொசு என்று பெயர். சின்ன வயதில் ஆளும் பொடிசு, கேள்வியும் ஓயாது. ஐம்பத்திரண்டு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. "காதுக்குள்ள ஒரு கொசு, மாடியில ஒரு கொசு. ரெண்டையும் அடிக்க முடியல" என்று கடைசல்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கொசுவும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஒருநாள் மத்தியானம், கையில் பழைய மருந்துச்சீட்டோடு ஒரு பெண் நூலக வாசலில் வந்து நின்றாள். துணி தேய்க்கிறவள். "மூணு வருஷம் முன்னாடி ஆராய்ச்சின்னு சொல்லி மாசாமாசம் என்கிட்ட ரத்தம் எடுத்தாங்க. கடைசியில என்ன தெரிஞ்சுதுன்னு யாருமே சொல்லலைம்மா. இங்கதான் எழுதி வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள். கொசு தேடிப் பார்த்தாள். அந்த ஆய்வு முடிந்து, கட்டுரையாக வெளிவந்து, அடுக்கில் தூசி படிந்து கிடந்தது. நாலாவது அலமாரி, கீழ்த்தட்டு. அதை எடுத்துக்கொண்டு போய், மாடிப்படியில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, அரைமணி நேரம் வரிக்கு வரி சொன்னாள். கேட்டுவிட்டு அந்தப் பெண், "ஓ, இதுக்குத்தானா. சரி, நல்ல காரியம்தான்" என்று எழுந்து போனாள். கொசு மட்டும் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

'கண்டறிந்தவை' என்ற இணையதளம் அப்படித்தான் பிறந்தது. வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, அண்ணன் வீட்டு மாடியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி பண்ணி உட்கார்ந்தாள். ஒரு சன்னல், அதைத் திறந்தால் பேருந்துப் பணிமனையின் சுவர். கழற்றிப் போட்ட கதவு ஒன்றை இரண்டு இரும்புக் கால்கள்மேல் வைத்து மேசையாக்கியிருந்தாள். கால்களைக் கடைந்து கொடுத்தது அண்ணன்தான். வாரத்துக்கு இரண்டு கட்டுரை. ஆய்வாளர்களின் மொழியில் இருப்பதை, பேருந்தில் நின்றுகொண்டே படித்தாலும் புரிகிற மாதிரி எழுதுவாள். எதை எழுதினாலும் முதல் வரி ஒன்றுதான்: எத்தனை பேரை வைத்து, எத்தனை நாள், யார் ஆதரவில் இந்த ஆய்வு நடந்தது. மூல ஆய்வுக்கு வழி கடைசியில் இருக்கும். விளம்பரம் கிடையாது. ஊட்டச்சத்து மாவு விற்கிற ஒரு கம்பெனிக்காரர் இரண்டு தரம் போனில் பேசிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவிடம் வேலைக்காகாது என்று விட்டுவிட்டார்.

கடைசல்காரருக்குத் தளத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை. தங்கை ஏதோ எழுதுகிறாள், நாலு பேர் படிக்கிறார்கள், போகட்டும். அந்த எண்ணம் காது இரைச்சல் கட்டுரையோடு மாறியது.

அது ஒரு பெண் ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு. காதிரைச்சல் உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைத் தினமும் காலையில் இருபது நிமிஷம் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முரலச் சொன்னார்கள். இன்னொரு குழு அதே இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தது. எட்டு வாரத்தில் முரலும் குழுவில் நிறையப் பேருக்கு இரைச்சலின் தொந்தரவு குறைந்தது என்று முடிவு. கொசு எழுதியதை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துவிட்டு, கடைசல்காரர் மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள வண்டு புகுந்திருச்சா, இல்ல உங்க சத்தமா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"மருத்துவம். பேசாத."

"பக்கத்து வீட்டுக்காரம்மா மிக்ஸி ரிப்பேரான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

யார் என்ன சொன்னாலும் அவர் விடவில்லை. ஆறாவது வாரம், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் நிம்மதியாகச் செய்தித்தாள் படித்தார். படித்து முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. மாடி ஏறிப்போய்த் தங்கையின் தலையில் கைவைத்து, "கொசு, நீ நல்லா இருக்கணும்" என்றார். உடனே மேசைக்கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

அவர் மட்டும் இல்லை. அந்தக் கட்டுரை தீயாகப் பரவியது. தளத்தில் அதுவரை எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு வந்த வாசகர்கள் இல்லை. ஓட்டுநர்கள், நெசவாலைக்காரர்கள், கல்லுடைக்கிறவர்கள் எல்லாரும் எழுதினார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது கணக்கு டீச்சர் ஒருவர். நாலே வரி. 'முரலும் குழுவில் ஐம்பத்தெட்டு பேர், உட்கார்ந்த குழுவில் அறுபத்தொரு பேர் என்று மூல ஆய்வின் தொடக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் அட்டவணையில் முரலும் குழு என்ற தலைப்புக்குக் கீழே அறுபத்தொரு பேரின் கணக்கு இருக்கிறதே. நான் தவறாகப் பார்க்கிறேனா?'

கடைசல்காரர் அன்று காலை தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க மாடிக்குப் போனபோது, கொசு ஒரு காகிதத்தை சன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருந்தாள். அவர் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"அண்ணே, இந்த டீச்சர் சொல்றது சரி. ரெண்டு பத்தியும் இடம் மாறிக் கெடக்கு போல. அப்படி மாறியிருந்தா, நல்லா ஆனது முரலினவங்களுக்கு இல்ல. சும்மா உக்காந்திருந்தவங்களுக்கு."

"அவங்க தப்பா அச்சடிச்சிருப்பாங்க. உனக்கென்ன?"

"நானும்தானே படிச்சேன். மூணு தடவ படிச்சேன். என் கண்ணுல படலையே."

அவள் அந்த ஆய்வாளருக்கு அப்போதே கடிதம் எழுதினாள். எழுதி முடித்த கையோடு, தளத்தைத் திறந்து, அந்தக் கட்டுரையின் தலையிலேயே, தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பை அடிக்க ஆரம்பித்தாள். 'இந்தக் கட்டுரை இப்போது சந்தேகத்தில் இருக்கிறது.'

கடைசல்காரருக்குச் சுருக்கென்றது. "அவங்க பதில் வரட்டுமே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"பதில் எப்ப வரும்னு தெரியாதுண்ணே. இன்னைக்கு மட்டும் இருநூறு பேர் இதைப் படிப்பாங்க. அவங்ககிட்ட யார் சொல்றது?"

"கெடுதல் ஒண்ணும் இல்லையே. 'ம்ம்ம்'னு இழுத்தா யாரு செத்துப்போறாங்க? எனக்கு நல்லா ஆச்சு. என்னைப் பார்த்துக்கிட்டேதானே இருக்க?"

"உனக்கு நல்லா ஆனது எனக்குச் சந்தோஷம். ஆனா நீ ஒரு ஆளுண்ணே."

"அப்ப நான் சொல்றது பொய்யா?"

"பொய்னு சொல்லல. எதனால ஆச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும்னு நான் எழுதிட்டேன்."

அவர் தேநீரை மேசைமேல் டக்கென்று வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். ஏழு மாதமாக ஊரெல்லாம் தங்கையின் புகழ் பாடியவர் அவர். பட்டறையில் மூன்று பேரை முரல வைத்திருந்தார். இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கோபம் ஒரு பக்கம். நிம்மதியாகப் படித்த அந்தப் பத்து நிமிஷத்தையே யாரோ பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு பயம் இன்னொரு பக்கம்.

அன்று பட்டறையில் வேலை ஓடவில்லை. எந்திரத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி முக்காலியில் உட்கார்ந்தார். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று மேலே வந்தது.

அப்போது பம்பு கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார். இரண்டு நாள் வேலை, அறுபத்துநாலு ஷாஃப்ட், வண்டியில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. மூன்றாம் நாள் காலையில், தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தால் கோடு பூஜ்யத்தில் நிற்கவில்லை. எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. அத்தனையும் மயிரிழை அளவு தப்பு. ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. மைக்ரோமீட்டரைச் சரி செய்து டப்பாவில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அந்தக் கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பம்புகள் ஓடினவோ, பாதியில் நின்றனவோ, இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கம்பெனி வண்டி தெருவில் திரும்பும்போதெல்லாம் பட்டறையின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். அப்படி ஆறு வருஷம். கடைசியில் கம்பெனி வேறு ஊருக்குப் போன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கொசு கடிதம் படித்த ஒரு மணி நேரத்துக்குள் தளத்தில் எழுதிவிட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு டீச்சரைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கடைசல்காரர் முக்காலியிலிருந்து எழுந்து, தான் முரல வைத்த மூன்று பேரையும் கூப்பிட்டார். "தங்கச்சி தளத்துல அறிவிப்பு போட்டிருக்கா. போய்ப் படிங்க. நான் சொன்னது தப்பா இருக்கலாம்" என்றார். அதைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் மாடிக்குப் போய், ஷாஃப்ட் கதையைத் தங்கையிடம் சொன்னார்.

"ஏண்ணே இத்தனை நாள் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும் இப்ப வெக்கமாத்தான் இருக்கு" என்றாள் கொசு. "எழுதின பிறகு கொஞ்சம் பரவாயில்ல."

ஆய்வாளரின் பதில் ஒன்பதாம் நாள் வந்தது, கடிதமாக அல்ல, போனில். கொசு ஒலிபெருக்கியைப் போட்டு அண்ணனுக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க" என்றது அந்தப் பெண்குரல். சோர்ந்த, நிதானமான குரல். "எல்லாருடைய பதிவேட்டையும் மறுபடி எடுத்து, ஒண்ணு ஒண்ணா சரிபார்த்தோம். ரெண்டு மருத்துவமனைக் கோப்பையும் சேர்க்கும்போது ஒரு மருத்துவமனையில மட்டும் குழுக்களோட பேர் மாறிப்போயிருக்கு. தப்பு எங்களோடது. என்னோடது. மாத்திப் போட்டா, ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல."

கொசு அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"ஆய்வைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு இன்னைக்குக் காலையில எழுதிட்டேன். காரணத்தையும் எழுதியிருக்கேன். அந்தக் கடிதத்தை நீங்க உங்க தளத்துல போடலாம். என் பேரோட." பிறகு அவரே சொன்னார்: "ரெண்டு வருஷத்துல எத்தனையோ பேர் அதை மேற்கோள் காட்டியிருக்காங்க. கூட்டத்துல கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. ஒருத்தர்கூட மூணாவது அட்டவணையைக் கூட்டிப் பார்க்கல. நானும்தான். நீங்கதான் கேட்டீங்க."

"நான் இல்லம்மா. ஒரு கணக்கு டீச்சர். அவங்க பேரையும் சேர்த்துக்குங்க."

போனை வைத்த பிறகு கடைசல்காரர், "அந்தம்மா அழுதுட்டுத்தான் போன் பண்ணியிருக்கு" என்றார். காதிரைச்சல்காரருக்கு அது மட்டும் சரியாகக் கேட்டிருந்தது.

திருத்தத்தைப் போட்டதோடு கொசு விடவில்லை. முரல ஆரம்பித்திருக்கிறேன் என்று இதுவரை எழுதியவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். எல்லாருக்கும் ஒரே கடிதத்தைத் தட்டிவிட்டால் என்ன என்று அண்ணி கேட்டதற்கு, "அவங்க ஒவ்வொருத்தரும் எனக்குத் தனியாத்தானே எழுதினாங்க அண்ணி" என்றாள். பதினோரு நாள் காலைகள் அதற்கே போயின. கடைசல்காரர் பட்டறைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். பதில் போனதும் பெயரில் டிக் அடித்தார்.

திட்டியும் வந்தது. 'முரலிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன், எழுப்பிவிட்டீர்கள்' என்று ஒரு லாரி ஓட்டுநர். 'முதலில் தெரியாமல் எழுதுவானேன், பிறகு மாற்றுவானேன்' என்று ஒருவர். அந்தக் கேள்வியைக் கொசு அப்படியே தளத்தில் போட்டு, அதற்குக் கீழே, 'நியாயமான கேள்வி. அட்டவணைகளை நான் கூட்டிப் பார்க்கவில்லை. இனிமேல் பார்ப்பேன்' என்று எழுதினாள். ஒரு தபால்காரர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். 'பரவாயில்லை அம்மா. எட்டு வாரமாக நான் முரலியதில் எங்கள் வீட்டு நாயும் கற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு என்ன எழுதுவீர்கள்?' அதைப் படித்துவிட்டு மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரையும் கணக்கு டீச்சர் அட்டவணைகளைப் பார்க்காமல் வெளியாவதில்லை. அவரே முன்வந்து கேட்டார். பள்ளி விட்டு வந்து, சிவப்பு மையில் டிக் அடித்துப் படம் எடுத்து அனுப்புவார். ஒரு தரம் மார்க்கும் போட்டு அனுப்பினார். பத்துக்கு எட்டு.

அடுத்த வருஷம் அந்த ஆய்வாளர் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை நானூறு பேர், ஐந்து மருத்துவமனைகள், கோப்புகளை இரண்டு பேர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனை. ஆள் தேவை என்ற அறிவிப்பைக் கொசு தளத்தில் போட்டாள். கடைசல்காரர் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

சீட்டுக் குலுக்கியதில் சும்மா உட்காரும் குழுவில் அவர் பெயர் விழுந்தது. முகம் தொங்கிப்போனது. "முரலக் கூடாதாம்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"நல்ல ஆராய்ச்சி" என்றாள் மனைவி. "இதை முதல்லயே பண்ணியிருக்கலாம்."

எட்டு வாரம், தினமும் காலையில், கூடத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பரீட்சை எழுதுகிறவர் மாதிரி இருக்கும். கொடுத்த குறிப்பேட்டில் தொந்தரவு எவ்வளவு என்று ஒன்று முதல் பத்துக்குள் எழுதவேண்டும். அளவு விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஐந்தா ஆறா என்று சந்தேகம் வந்தால் இன்னும் பத்து நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

ஐந்தாம் வாரச் செவ்வாய்க்கிழமை, சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார். தன்னையறியாமல் முரலிக்கொண்டிருந்தார். பழக்கதோஷம். கண்ணாடிக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்து, சவரம் ஆரம்பித்ததிலிருந்து எவ்வளவு ஆயிற்று என்று கணக்குப் போட்டார். நுரை காயாத முகத்தோடு போய்க் குறிப்பேட்டைத் திறந்து எழுதினார். வார இறுதியில் மருத்துவமனைக்குப் போனபோது, குறிப்பேட்டை நீட்டும் முன் வாயாலும் சொன்னார்.

"மேடம், செவ்வாய்க்கிழமை கொஞ்ச நேரம் 'ம்ம்ம்'னு இழுத்துட்டேன், எவ்வளவுன்னு இதுல எழுதியிருக்கேன். தெரியாம நடந்துபோச்சு. என்னைக் கணக்குல சேர்க்கறதா வேணாமான்னு நீங்க பார்த்துக்குங்க."

அந்த ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். மெலிந்த பெண், நரைத்த முடி. "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"அதுக்காகத்தான் சொல்றேன்."

அவர் யாருடைய அண்ணன் என்று ஆய்வாளருக்குத் தெரியாது. இவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

முடிவு வர ஒன்றேகால் வருஷம் ஆனது. இரண்டு குழுவிலும் கொஞ்சம் பேருக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. முரலினாலும் சரி, சும்மா உட்கார்ந்தாலும் சரி, வித்தியாசம் இல்லை. கொசு அதை எழுதினாள். முதல் வரியில் நானூறு பேர், எட்டு வாரம். தலைப்பிலேயே 'பலன் தெரியவில்லை' என்று போட்டாள். பழைய கட்டுரைக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்கு வாசகர்கள்கூட இதற்கு வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த ஆய்வை எடுத்து வைத்துக்கொண்டாள், நிலக்கடலைச் செடியின் வேர் பற்றி ஏதோ.

கடைசல்காரருக்குக் காது பழைய மாதிரிதான். சில நாள் ஐந்து, சில நாள் மூன்று. முடிவு வந்த அன்று மாடியில் உட்கார்ந்து, புதிய ஆய்வின் கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து எழுத்து விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். புரியாத இடத்தில் தங்கையைக் கேட்டார். இரண்டாம் அட்டவணைக்குக் கீழே, கண்ணுக்கே தெரியாத எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, அதைத் தமிழில் சொல்லச் சொன்னார்.

"'உட்கார்ந்திருந்த குழுவில் பங்கேற்பாளர் ஒருவர், ஒரு நாள் நாலு நிமிடம் முரலியதாகத் தாமே தெரிவித்தார்.'" கொசு படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருண்ணே இது, இவ்வளவு நேர்மையான ஆளு?"

அவர் எழுந்துகொண்டார். கீழே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து, விரலை வைத்துக் காட்டினார்.

"இதுல உங்க பேரு எங்க?" என்றாள் அவள்.

"பேரெல்லாம் போடமாட்டாங்க."

"அப்புறம் எப்படி நீங்கன்னு தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார் கடைசல்காரர்.

கொசு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நாலு நிமிஷம்னு எப்படிண்ணே அவ்வளவு கரெக்டா?" என்று கேட்டாள்.

"மூணே முக்கால்" என்றார். "அந்தம்மாதான் முழுசாக்கிருச்சு. என்னைக் கேட்டுட்டுத்தான்."